அடிவிளிம்பு இல்லாத பக்கம்

நான்கு வரிக் கவிதை ஒன்றை ஒரு முழுப் பக்கத்தின் நடுவே, மேலும் கீழும் ஒத்த அளவு வெண்மை விட்டு அச்சிட்டிருப்பதைச் சிற்றிதழ் வாசகர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். அந்த வெண்மையையும் கவிதையோடு சேர்த்தே நாம் படிக்கிறோம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் இதைச் செய்யப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கோத்த வரிகளை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, மேலே ஒரு மரக்கட்டையும் கீழே அதே கனத்தில் இன்னொரு கட்டையும் இட்டு முடுக்கினால் கவிதை நடுவில் நின்றுவிடும். சட்டத்தின் உயரம் கம்பாசிட்டருக்குத் தெரியும். வரிகளின் உயரமும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து இரண்டாக வகுப்பதே முழுக் கணக்கும்.

இதே கணக்கை வலைப்பக்கத்தில், ஒரு பெட்டிக்குள் இருக்கும் சில வரிகளுக்குச் செய்து காட்டுவதற்கான முறையான வழி, வலை பிறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கைக்கு வந்தது. சுற்றுவழி ஏதுமின்றி ஒரே கட்டளையில் செய்யும் வசதி 2024ஆம் ஆண்டில்தான் முதன்மையான உலாவிகள் அனைத்திலும் கிட்டியது. இடப்புறமும் வலப்புறமும் சமமாக்கி நடுவில் நிறுத்துவது 1994லேயே எளிதாகிவிட்ட நிலையில், மேலும் கீழும் சமமாக்குவது மட்டும் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது? வலைவடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் இதை ஒரு கேலிக்கதையாகவே சொல்லிவந்தார்கள். நாம் இதை வேறொரு கேள்வியின் வரலாறாகப் பார்க்க விரும்புகிறோம். பக்கம் என்பது என்ன? அதன் அளவைத் தீர்மானிப்பவர் யார், எழுதுபவரா, வாசிப்பவரா?

*

'பக்கம்' என்ற நம் சொல்லுக்கு விளிம்பு, புறம் என்ற பொருளும் உண்டு. தாளின் ஒரு புறம்தான் நூலின் பக்கம். தாளுக்கு நான்கு விளிம்புகள் இருப்பதால் பக்கத்துக்கும் நான்கு விளிம்புகள். வலையில் விரிவதையும் நாம் 'வலைப்பக்கம்' என்றே அழைக்கத் தொடங்கினோம். ஆங்கிலமும் அச்சிலிருந்தே அச்சொல்லைக் கடன் வாங்கியிருந்தது. ஆனால் திரையில் விரியும் அப்பொருளுக்கு மேல் விளிம்பு உண்டு, இடமும் வலமும் உண்டு, அடிவிளிம்பு இல்லை. எழுத்து எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நீளமே பக்கம்.

இதற்கு முன்னோடி நூலில் இல்லை, சுருளில் இருக்கிறது. பழங்கால கிரேக்க, ரோமானியப் பப்பைரஸ் சுருள்கள் பக்கவாட்டில் விரிந்தன. அவற்றில் எழுத்து, உயரம் வரையறுக்கப்பட்ட பத்திகளாக அடுத்தடுத்து நின்றது. இடைக்கால ஐரோப்பாவில் ஆவணங்களுக்கும் வழிபாட்டுக்கும் பயன்பட்ட மற்றொரு வகைச் சுருள் மேலிருந்து கீழாக விரிந்தது. வலைப்பக்கம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கீழ்நோக்கி விரிந்துகொண்டே போகும் சுருளுக்கு நடு எங்கே என்று கேட்டால், எழுதி முடியட்டும், சொல்கிறேன் என்பதே விடையாக இருக்க முடியும்.

கணினிக்கு இக்கணக்குத் தெரியாமல் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தம் நூல்களின் அச்சுத்தரம் குறைந்ததைக் கண்டு மனம் நொந்த கணினி அறிஞர் டொனால்ட் நூத், 1970களின் இறுதியில் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கினார். அதில் ஒவ்வோர் எழுத்தும் வரியும் ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு இடையே நீளவும் சுருங்கவும் கூடிய 'பசை'. கவிதைக்கு மேலே எல்லையின்றி நீளும் பசையையும் கீழே அதே வகைப் பசையையும் இட்டால், மீதியிடம் தானே இரண்டாகப் பிரிந்துவிடும். கம்பாசிட்டரின் மரக்கட்டைதான் இங்கே நெகிழும் பொருளாக மாறியது. ஆயினும் டெக் நம்பியிருந்தது தாளை. தாளின் உயரம் அதற்கு முன்கூட்டியே தெரியும். மீதி என்று ஒன்று இருந்தால்தானே அதைப் பங்கிட முடியும்?

*

1989இல் ஜெனீவாவின் அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் முன்மொழிவை எழுதியபோது அவர் எண்ணத்தில் இருந்தது பக்க அழகு அன்று. வெவ்வேறு வகைக் கணினிகளில் பணியாற்றும் அறிவியலாளர்கள் ஒரே ஆவணத்தைப் படிக்க வேண்டும். ஆகவே எச்.டி.எம்.எல். என்ற அவருடைய குறிமொழி, இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று மட்டுமே சொன்னது. எங்கே, எந்த அளவில், எவ்வெழுத்துருவில் என்பதை வாசிப்பவரின் கருவியே முடிவு செய்துகொள்ளும். 1991இல் வெளிவந்த வரிமுறை உலாவி, படம் காட்டவியலாத எளிய முனையங்களிலும் ஓடியது. அங்கே எழுத்து மேலிருந்து கீழே ஓடும், அவ்வளவே.

1993இல் மொசைக்கும் 1994இல் நெட்ஸ்கேப்பும் வந்தபின் வலை பொதுமக்களிடம் சென்றது. நெட்ஸ்கேப், வரிகளைப் பக்கவாட்டில் நடுப்படுத்தும் 'சென்டர்' என்ற குறியைத் தானே சேர்த்துக்கொண்டது. அதன் நெடுக்குவாட்டு இணை ஒன்று ஏன் சேரவில்லை என்பதற்கான விடையில்தான் நம் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

உலாவி ஒரு பக்கத்தை அமைக்கும்போது அகலம் வெளியிலிருந்து உள்ளே இறங்குகிறது. சாளரத்தின் அகலம் தெரியும். அதற்குள் இருக்கும் பெட்டி அதைப் பெறுகிறது. அதற்குள் இருக்கும் பத்தி பெட்டியிடமிருந்து பெறுகிறது. உயரமோ உள்ளிருந்து வெளியே ஏறுகிறது. அகலம் கிடைத்த பிறகே வரிகள் மடங்கும். மடங்கிய பிறகே எத்தனை வரி என்று தெரியும். அதன்பிறகே பத்தியின் உயரம், பெட்டியின் உயரம், பக்கத்தின் உயரம். ஒரு பெட்டி தன் உள்ளடக்கத்தின் உயரத்தையே தன் உயரமாகக் கொள்ளும்போது அங்கே மீதியிடம் எதுவும் இல்லை; மீதி இல்லாத இடத்தில் நடு என்ற பேச்சுக்கும் பொருள் இல்லை. தொலைபேசிக் கம்பி வழியே எழுத்து மெல்ல மெல்ல வந்த அந்நாட்களில், வந்தவரை காட்டிவிட இவ்வொழுங்கு உதவியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடைசி வரி வந்துசேரும் வரை முதல் வரி காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வொழுங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு சிறு சான்று. ஒரு பத்தியின் மேலே பத்து விழுக்காடு இடைவெளி விடுமாறு இன்றும் கட்டளையிட்டால், உலாவி அந்தப் பத்து விழுக்காட்டைத் தாங்கும் பெட்டியின் உயரத்திலிருந்து எடுப்பதில்லை, அகலத்திலிருந்தே எடுக்கிறது.

*

ஓர் இடத்தில் மட்டும் மீதி கிடைத்தது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவி அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியது. அட்டவணையின் ஒரு கிடைவரிசையில் நான்கு கட்டங்கள் இருந்தால், அவற்றுள் மிக உயரமானது எதுவோ அதன் உயரத்தையே மற்ற மூன்றும் ஏற்கும். அதாவது ஒரு கட்டத்தின் உயரம் அதன் சொந்த உள்ளடக்கத்தால் அன்றி, பக்கத்துக் கட்டத்தால் முடிவாகிறது. மீதி பிறந்துவிட்டது, நடுவும் பிறந்துவிட்டது. கட்டத்துக்குள் எழுத்து மேலே நிற்பதா, நடுவிலா, அடியிலா என்று சொல்லும் 'வி-அலைன்' என்ற பண்பு 1997 ஜனவரியில் எச்.டி.எம்.எல். 3.2 தரத்தில் இடம்பெற்றது. ஒன்றும் சொல்லாவிட்டால் நடுவே இயல்பு.

எண்களை அடுக்குவதற்கென்று பிறந்த அட்டவணை, அழகை அடுக்கும் சாரமாக மாறியது இப்படித்தான். டேவிட் சீகல் 1996இல் எழுதிய நூல், அட்டவணைகளையும் ஒரே புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தையும் கொண்டு பக்கத்தை அச்சுப்பக்கம் போலக் கட்டும் உத்திகளை உலகெங்கும் பரப்பியது. அந்தத் தெரியாத படம் கம்பாசிட்டரின் மரக்கட்டையின் மறுபிறவி அன்றி வேறென்ன? அடுத்த ஆண்டே, வலையைக் கெடுத்தவன் நானே என்னும் பொருள்பட ஒரு கட்டுரையையும் சீகல் எழுதினார்.

இந்த நடுவுக்கான விலையை வாசகரே கொடுத்தார். அட்டவணை முழுதும் வந்துசேரும் வரை பல உலாவிகள் எதையும் காட்டாமல் காத்திருந்தன. பார்வையற்றோர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள், அட்டவணைக்குள் அட்டவணையாக அடுக்கிய பக்கங்களில் எது முதலில், எது பின்னர் என்ற ஒழுங்கை இழந்து தடுமாறின. எழுத்தின் பொருள் ஓர் ஒழுங்கிலும் அதன் தோற்றம் வேறோர் ஒழுங்கிலும் நடக்கத் தொடங்கின.

*

இதற்கான மாற்று 1994 அக்டோபரிலேயே முளைவிட்டிருந்தது. செர்னில் பணியாற்றிய நார்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ, தோற்றத்தைப் பற்றிய கட்டளைகளைத் தனியே ஒரு தாளில் எழுதலாம் என்று முன்மொழிந்தார். டச்சுக்காரரான பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். 1996 டிசம்பர் 17இல் சி.எஸ்.எஸ்.சின் முதல் பதிப்பு உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. இதன் உயிர்நாடி, எழுதுபவரின் விருப்பத்தையும் வாசிப்பவரின் விருப்பத்தையும் படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணக்கம் காண்பது. பெரிய எழுத்து வேண்டும் வாசகர் அதைக் கேட்டுப் பெறலாம். எழுதியவரின் பக்கம் அதனால் உடைந்துவிடக் கூடாது.

அம்முதல் பதிப்பிலேயே 'வெர்டிகல்-அலைன்' என்றொரு பண்பு இருந்தது. நெடுக்குவாட்டில் நிறுத்து என்பது அதன் பொருள். பெயரைக் கண்டு மகிழ்ந்து அதைப் பெட்டிக்கு இட்டுப் பார்த்த பல்லாயிரம் பேர், எதுவும் நகராததைக் கண்டு திகைத்தார்கள். அப்பண்பு பெட்டியைப் பற்றியதே அன்று. ஒரு வரிக்குள் எழுத்தும் படமும் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதில் 'நடு' என்று கட்டளையிட்டால் உலாவி தேடுவது வரியின் நடுவைக்கூட அன்று. எழுத்துகள் நிற்கும் அடித்தளக் கோட்டிலிருந்து ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தின் பாதி உயரத்துக்கு ஏறி, அங்கே படத்தின் நடுவை வைக்கும். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இதே சொல்லுக்கு அட்டவணைக் கட்டத்தில் மட்டும் வேறொரு பொருள் தந்தது. ஒரு சொல் பல பொருளாவதில் இலக்கியத்துக்கு நன்மை உண்டு, இலக்கணத்துக்கு இடர்தான். பிற்காலத்தில் சி.எஸ்.எஸ். குழுவினரே தம் வடிவமைப்புப் பிழைகளைத் தொகுத்து வெளியிட்ட பட்டியலில், இதை அட்டவணைக் கட்டத்துக்குப் பொருத்தியது தவறு, நேரிய வழியை முதல் பதிப்பிலேயே தந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்த எழுத்துக்கோட்டு விதி 2002ஐ ஒட்டிய காலத்தில் ஒரு வேடிக்கையையும் விளைத்தது. புதிய உலாவிகள் தரவிதிகளை நேர்மையாகப் பின்பற்றியபோது, அட்டவணைகளில் அடுக்கியிருந்த படங்களுக்குக் கீழே காரணம் தெரியாத இடுக்குகள் தோன்றின. படமும் விதிப்படி ஓர் எழுத்தே. அது அடித்தளக் கோட்டின் மேல் நிற்கும். கோட்டுக்குக் கீழே தொங்கும் ஆங்கில ஜி, ஒய் போன்ற எழுத்துகளுக்கான இடம் காலியாகக் கிடக்கும். எரிக் மேயர் இதை விளக்கி எழுதினார். மொசில்லா உலாவியோ பழைய பக்கங்களைக் காப்பாற்ற 'ஏறக்குறையத் தரமுறை' என்ற தனி நடைமுறையையே அமைத்தது.

*

2000களின் பத்தாண்டுகளை உத்திகளின் காலம் எனலாம். ஒரே வரியாக இருந்தால் வரியின் உயரத்தைப் பெட்டியின் உயரத்துக்கு ஒப்பாக்குவது ஓர் உத்தி. பெட்டியின் மேல் விளிம்பைப் பாதித் தொலைவுக்கு இறக்கி, பின் அதன் உயரத்தில் பாதியை எதிர்மறை இடைவெளியாக இட்டு மேலே இழுப்பது மற்றோர் உத்தி. அட்டவணை இல்லாமலே ஒரு பெட்டியை அட்டவணைக் கட்டம் போல நடக்கச் சொல்லும் வசதி 1998 முதல் தரத்தில் இருந்தது. ஆனால் பெரும்பான்மையோர் கையில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை 2009இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் ஏற்றது.

இவற்றுள் இரண்டாவது உத்தி நம் கவனத்துக்குரியது. அதற்குப் பெட்டியின் உயரம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். ஆகவே வடிவமைப்பாளர் தாமே ஓர் உயரத்தை எழுதி வைப்பார். கண்பார்வை குன்றிய வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் பெட்டியை மீறி வழியும். சாளரம் சிறிதானால் இன்னும் மோசம்: பெட்டியின் தலைப்பகுதி திரையின் மேல் விளிம்புக்கு அப்பால் போய்விடும். கீழே போனதை உருட்டிப் பார்க்கலாம். மேல் விளிம்புக்கு அப்பால் போனதை உருட்டியும் அடைய முடியாது. கவிதை கணக்குப்படி நடுவில் நிற்கிறது. அதன் முதல் வரி வாசகருக்கு இல்லை.

2000 ஏப்ரலில் ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப், தாவோ தத்துவத்தைத் துணைக்கழைத்து எழுதிய கட்டுரை இவ்விடத்தைத்தான் தொட்டது. அச்சுப்பக்கத்தின் மீது வடிவமைப்பாளர் செலுத்திய ஆட்சியை வலையிலும் தேடுவது ஊடகத்தின் இயல்பை மறுப்பது. நெகிழ்ச்சி குறை அன்று, வலிமை என்று அவர் வாதிட்டார். 2010 மே மாதத்தில் ஈதன் மார்க்காட் திரைக்கேற்ப மாறும் வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்தபோது கைபேசிகள் அவ்வாதத்தைத் தவிர்க்கவியலாத உண்மையாக்கியிருந்தன.

*

விடிவு, நெகிழ்ச்சியை ஏற்றுக்கொண்ட இடத்திலிருந்து வந்தது. மொசில்லா தன் மென்பொருளின் பொத்தான்களையும் பட்டைகளையும் அடுக்கப் பயன்படுத்திய பெட்டிமுறையிலிருந்து 2009 ஜூலையில் ஃபிளெக்ஸ்பாக்ஸின் முதல் வரைவு உருவானது. 2012க்குள் மூன்று வேறு சொல்வழக்குகளைக் கடந்து அது நிலைபெற்றது. அதன் அடிப்படை, மீதியிடத்தை வெளிப்படையாகக் கணக்கிட்டுப் பங்கிடுவது. நூத்தின் பசை முப்பது ஆண்டு கழித்து வலைக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. 'மேல்', 'கீழ்' என்ற சொற்களுக்கு மாற்றாக முதன்மை அச்சு, குறுக்கு அச்சு என்று பேசியதும் குறிப்பிடத்தக்கது. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபுக்கும் மேலிருந்து கீழாகவும் எழுதப்படும் ஜப்பானியத்துக்கும் அதே விதி பொருந்த வேண்டும் அல்லவா?

2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட் என்னும் கட்ட அமைப்பை ஏற்றன. 2024இன் மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஃபிளெக்ஸ்பாக்ஸோ கிரிட்டோ இன்றி, வெறும் பெட்டி ஒன்றுக்கே 'அலைன்-கன்டென்ட்' என்று கட்டளையிட்டு உள்ளடக்கத்தை நடுவில் நிறுத்தும் வசதி இம்மூன்றிலும் முழுமை பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் மிகவும் மதிப்பது ஒரு சிறு சொல்லை. நடுவில் நிறுத்து என்பதோடு 'பாதுகாப்பாக' என்றொரு அடைமொழியையும் புதிய விதிகள் சேர்த்துக்கொள்ள இடம் தருகின்றன. உள்ளடக்கம் பெட்டியை மீறினால் நடுவை விட்டுவிட்டுத் தொடக்கத்திலிருந்து அடுக்கு என்பது அதன் பொருள். அழகு தவறலாம், முதல் வரி தவறக் கூடாது. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே 1994இல் லீ தேடிய இணக்கம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி நிற்பதை இங்கே காண்கிறோம்.

அடிவிளிம்பின் சிக்கல் இத்தோடு முடியவில்லை. திரையின் உயரத்தையே அலகாகக் கொள்ளலாம் என்று வந்த வழி, கைபேசியில் முகவரிப் பட்டை மறைவதும் தோன்றுவதுமாக இருந்ததால் தடுமாறியது. ஆகவே 2022இல் சிறிய திரையுயரம், பெரிய திரையுயரம், மாறும் திரையுயரம் என மூன்று அலகுகள் உலாவிகளில் இடம்பெற்றன. ஒரு சன்னலின் உயரத்துக்கு மூன்று விடைகள்.

*

பெட்டி நடுவில் நின்றுவிட்டது. பெட்டிக்குள் எழுத்து நிற்கிறதா? இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கும் பங்கு உண்டு. உலாவி நடுப்படுத்துவது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அன்று. எழுத்துருவை வார்த்தவர் எழுத்துக்கு மேலும் கீழும் வகுத்த கண்ணுக்குத் தெரியாத எல்லைகளை. 'கிளி' என்ற சொல் விசிறியை மேலே உயர்த்துகிறது. 'மழை' வாலைக் கீழே இறக்குகிறது. புள்ளி தலைக்கு மேல் இடம் கேட்கிறது. ஆகவே இவற்றுக்கெல்லாம் இடம் விட்டு வார்த்த எழுத்துருவில், உயர்வும் தாழ்வும் இல்லாத சொல் பொத்தானுக்குள் சற்றே ஏறியோ இறங்கியோ தோன்றக்கூடும். விண்டோஸ் 2000இல் வந்த லதாவும் பின்னாளில் வந்த நிர்மலாவும் ஒரே பக்கத்துக்கு வெவ்வேறு உயரம் தருவதும் இதனால்தான்.

2024 டிசம்பரில் சஃபாரியிலும் 2025 பிப்ரவரியில் குரோமிலும், எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள அந்த மிகை இடத்தைக் கத்தரிக்கும் 'டெக்ஸ்ட்-பாக்ஸ்-டிரிம்' என்ற வசதி வந்தது. எங்கே கத்தரிப்பது என்பதற்கு அது தரும் அளவுகோல்களில் ஆங்கிலப் பேரெழுத்தின் உயரம் உண்டு, சிறிய எக்ஸின் உயரம் உண்டு. பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில், 'ப' எழுத்தின் தலை எங்கே என்று சொல்லும் அளவுகோல் அதில் இல்லை.

அக்குறையைத் தீர்ப்பவர் எழுத்துருவை வார்ப்பவராகவும் இருக்கலாம், விதிகளை எழுதுபவராகவும் இருக்கலாம். விகிதம் தெரிந்தவர் சொன்னால்தான் அளவுகோல் பிறக்கும். கம்பாசிட்டர் தம் கட்டையைத் தேர்ந்தது கையின் பழக்கத்தால் மட்டுமன்று. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு வெண்மை தகும் என்ற கண்ணின் பயிற்சியாலும்தான். அக்கண் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது கண்டதை எண்ணாகவும் விதியாகவும் எழுதித் தருவது, திரையில் தமிழ் படிக்கும் நம் தலைமுறைக்கு எஞ்சியிருக்கும் பணி.